ஆறாத தாடை: அரிய பாக்டீரியாத் தொற்றைக் கண்டுபிடிப்பது எப்படி?

பல்லைப் பிடுங்கியாயிற்று, சீழை வடித்தாயிற்று, ஆண்டிபயாடிக் இரண்டு சுற்று கொடுத்தாயிற்று. ஒவ்வொரு முறையும் பத்து நாள் வற்றி, பிறகு அதே இடத்தில் மறுபடி வீக்கம். கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, அதன் ரிப்போர்ட்டில் 'வாயில் வழக்கமாக இருக்கும் கிருமிகள்' என்றோ 'வளர்ச்சி இல்லை' என்றோ ஒரு வரி. மூன்றாவது சுற்று மருந்தை எழுதுமுன் நிறுத்திக்கொள்ள வேண்டிய இடம் இது. பல் மருத்துவர்களுக்கும், முகத்தாடை அறுவைப் பிரிவிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் பயிற்சியில் இருப்பவர்களுக்கும் எழுதப்பட்ட குறிப்பு இது. நோயாளியாக இருந்து படிப்பவர்கள், தங்கள் மருத்துவரிடம் எதைக் கேட்கலாம் என்று தெரிந்துகொள்ளப் பயன்படுத்தலாம்.

தாடை எலும்புத் தொற்றில் பெரும்பாலானவை பல்லிலிருந்து வருபவை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ், பிரெவோடெல்லா, ஃப்யூசோபாக்டீரியம் என்று வாயிலேயே குடியிருக்கும் கூட்டம்தான் காரணம். கீழ்த்தாடைதான் அதிகம் பாதிக்கப்படும். அதன் வெளிச்சுவர் தடிமன், ரத்த ஓட்டமும் மேல்தாடையைவிடக் குறைவு. அரிய கூட்டம் வேறு: ஆக்டினோமைசஸ், காசநோய்க் கிருமி, காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா, நோகார்டியா, சிஃபிலிஸ் கிருமி, புரூசெல்லா, பர்கோல்டேரியா சூடோமல்லை, பார்டோனெல்லா. ஆக்டினோமைசஸும் நோகார்டியாவும் இழை இழையாக வளரும் பாக்டீரியா. இவற்றில் பல சாதாரணக் கல்ச்சரில் வளராது, அல்லது வளர்வதற்குள் தட்டு குப்பைக்குப் போய்விடும். 48 மணி நேரம் காற்றில் வைத்துப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடும் தட்டில், பத்து நாள் காற்றில்லாமல் வளர வேண்டிய கிருமி எப்படித் தெரியும்? லேப் மேல் குறை சொல்ல முடியாது. கேட்டதைத்தான் அவர்கள் தேடுவார்கள். சரியான திசுவை எடுத்து, சரியான கேள்வியோடு அனுப்புவதில்தான் இந்த நோயறிதல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

எப்போது சந்தேகப்பட வேண்டும்

நான்கு வாரத்துக்கு மேல் இழுக்கும் தொற்று. மருந்து நிறுத்தியதும் திரும்பும் வீக்கம். வலி குறைவாகவும் தொட்டால் மரக்கட்டை போலவும் இருக்கும் தாடை. தோலில் ஒன்றுக்கு மேற்பட்ட சீழ்த்துளைகள். காய்ச்சலோ வெள்ளணு உயர்வோ இல்லாமல் எலும்பு மட்டும் அரிப்பது. இதில் இரண்டு சேர்ந்தாலே போதும், சந்தேகப்படலாம்.

பலர் விட்டுவிடும் ஒரு சோதனை பல்லின் உயிர்த்தன்மை. பாதித்த பகுதியில் உள்ள ஒவ்வொரு பல்லையும் குளிர்ச்சியாலும் மின் சோதனையாலும் பாருங்கள். எலும்பு இவ்வளவு அரித்திருந்தும் பற்கள் உயிரோடு இருந்தால், தொற்று பல்லிலிருந்து வந்திருக்க வாய்ப்புக் குறைவு. அப்போது ரத்தம் வழியாக வந்த கிருமியையோ, தொற்றே அல்லாத நோயையோ நினைக்க வேண்டும்.

நோயாளியிடம் கேட்க வேண்டியவை: சர்க்கரை, எச்ஐவி, சிறுநீரக நோய், உறுப்பு மாற்று. கழுத்து, முகத்துக்குக் கதிர்வீச்சு எடுத்ததுண்டா. அலெண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் போன்ற எலும்பு மருந்துகள், ஸ்டீராய்டு, மூட்டு வாதத்துக்காக டிஎன்எஃப் என்னும் அழற்சிப் புரதத்தை அடக்கும் ஊசி. எலும்பு மருந்தை 'வாரம் ஒரு மாத்திரை', 'ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி' என்று கேட்டால்தான் பலருக்கு நினைவுக்கு வரும். பெயர் சொன்னால் தெரியாது. வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா. காய்ச்சாத பால், ஆடு மாடுகளோடு வேலை என்றால் புரூசெல்லா. சேற்றிலும் தேங்கிய நீரிலும் வேலை செய்யும் சர்க்கரை நோயாளி என்றால் பர்கோல்டேரியா. பூனை கீறியிருந்தால் பார்டோனெல்லா. அரிவாளணு ரத்தசோகை இருந்தால் சால்மோனெல்லாவையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

குழந்தையாக இருந்தால் இன்னொரு கேள்வி: பால்பல்லுக்குக் கூழ் நீக்கும் சிகிச்சை, அதாவது பல்ப்பாட்டமி, சமீபத்தில் செய்தார்களா? அமெரிக்காவில் 2015இல் ஜார்ஜியாவிலும் 2016இல் கலிபோர்னியாவிலும், இந்தச் சிகிச்சைக்குப் பின் பல குழந்தைகளுக்குத் தாடை எலும்பில் மைக்கோபாக்டீரியம் அப்செஸஸ் தொற்று வந்தது. பல் நாற்காலியின் நீர்க்குழாயில் படிந்திருந்த கிருமிதான் மூலம். சிகிச்சை முடிந்து வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான் வீக்கம் தெரியும் என்பதால், பெற்றோர் இரண்டையும் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள்.

முதலில் தள்ள வேண்டியவை

தொற்றைத் தேடும் உற்சாகத்தில் புற்றுநோயைத் தவறவிடுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. ஆறாத பல் குழி, காய்ச்சலும் சீழும் இல்லாமல் கீழுதட்டில் மரப்பு, எந்தக் காரணமும் இல்லாமல் ஆடும் பற்கள் என்றால், முதல் வேலை பயாப்ஸி. கீழுதட்டு மரப்பு கடுமையான தொற்றிலும் வரும், ஆனால் அங்கே சீழும் வலியும் உடன் இருக்கும். குழந்தைகளில் எலும்பின் மேலுறை வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காகத் தடித்தால் அது நாள்பட்ட தொற்றாகவும் இருக்கலாம், யூயிங் சார்க்கோமாவாகவும் இருக்கலாம். எக்ஸ்ரேயை வைத்து மட்டும் பிரிக்க முடியாது.

சர்க்கரை கட்டுக்கடங்காதவருக்கு மேல்தாடையில் கறுத்த எலும்பு, கன்ன மரப்பு, கண் வீக்கம் இருந்தால் அது மியூக்கார் பூஞ்சை என்று வைத்துக்கொண்டு அன்றே செயல்பட வேண்டும். கீழே சொல்லும் பொறுமையான முறைகள் எதுவும் அதற்குப் பொருந்தாது.

படங்கள்: எது எதற்கு

ஓபிஜி, அதாவது இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே, எல்லோரும் எடுப்பது. ஆனால் எலும்பின் தாதுவில் 30 முதல் 50 சதவீதம் போன பிறகுதான் எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரியும். முதல் இரண்டு மூன்று வாரம் படம் சுத்தமாக இருக்கலாம். அதை வைத்து 'எலும்பில் ஒன்றுமில்லை' என்று எழுதாதீர்கள். சிடி அல்லது சிபிசிடி (பல், தாடைக்கான கூம்புக்கதிர் சிடி), சுவர் உடைந்த இடத்தையும் செத்த எலும்புத் துண்டையும் காட்டும். மஜ்ஜையில் தொடக்க நிலை வீக்கத்துக்கு எம்ஆர்ஐ. டி1 படத்தில் இருண்டும், ஸ்டிர் படத்தில் வெளுத்தும் தெரியும். சிபிசிடி மென்திசுவை ஒழுங்காகக் காட்டாது என்பதால், தசை வழியாகப் பரவும் ஆக்டினோமைசஸைச் சந்தேகித்தால் கான்ட்ராஸ்ட் கொடுத்த சிடியோ எம்ஆர்ஐயோ வேண்டும்.

எந்தப் படமும் கிருமியின் பெயரைச் சொல்லாது. படத்தின் உண்மையான பயன், எங்கிருந்து திசு எடுப்பது என்று முடிவு செய்வது. நன்றாக இருக்கும் எலும்புக்கும் செத்த எலும்புக்கும் இடைப்பட்ட எல்லையைப் படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் கிடக்கும் செத்த எலும்பு வாய்க்கிருமிகளின் சத்திரம். நோய்க்கிருமியும் அதற்கு எதிரான திசு மாற்றமும் எல்லையில்தான் கிடைக்கும்.

எல்லோருக்கும் மார்பு எக்ஸ்ரே எடுங்கள். அது சுத்தமாக இருந்தாலும் தாடையில் காசநோய் இல்லை என்று ஆகிவிடாது. ரத்தத்தில் முழு அணு எண்ணிக்கை, இஎஸ்ஆர், சிஆர்பி, ஹெச்பிஏ1சி, எச்ஐவி ஆகியவை அடிப்படை. இஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் அழற்சியின் அளவைக் காட்டுபவை, நோயறிதலுக்குப் பெரிதாக உதவாது. பின்னால் சிகிச்சை வேலை செய்கிறதா என்று ஒப்பிடத் தொடக்க அளவு வேண்டும், அதற்காகத்தான்.

திசு எடுப்பது

இங்கே அவசரப்பட்டால் மற்ற எல்லாம் வீண்.

நோயாளி நிலையாக இருக்கிறார், காய்ச்சல் இல்லை, வீக்கம் மூச்சுப்பாதையை நெருக்கவில்லை என்றால், ஆண்டிபயாடிக்கை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு பயாப்ஸி செய்யுங்கள். ஆக்டினோமைசஸுக்கு ஒரு வேளை பென்சிலின் போனாலே கல்ச்சரில் கிடைக்கும் வாய்ப்புச் சரியும். லெவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் வகைகள் காசநோய்க் கிருமியைப் பாதி அடக்கிவைக்கும்: நோயாளி தேறுவது போலத் தோன்றும், கல்ச்சர் வராது. ஆறாத தாடைக்குக் காரணம் தெரியுமுன் அந்த வகை மருந்தைத் தொடாமல் இருப்பதே நல்லது.

சீழ்த்துளையின் வாயிலிருந்து எடுக்கும் ஸ்வாபை நம்ப வேண்டாம். அதில் வருவது தோலிலும் வாயிலும் குடியிருக்கும் கிருமிகள். ஸ்வாபுக்கு ஒரே ஒரு விதிவிலக்கு, அடுத்து வருகிற மஞ்சள் மணிகள்.

ஆக்டினோமைசஸ் சந்தேகம் இருந்தால், சீழ்த்துளையின் மேல் மலட்டு, அதாவது கிருமி நீக்கிய, காஸ் துணியை இரவு முழுக்க வைத்துக் கட்டுங்கள். காலையில் துணியைப் பிரித்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சீழ்க்கறைக்கு நடுவே, ரவையைவிடச் சின்னதாக, வெளிர் மஞ்சளில் மணிகள் ஒட்டியிருக்கலாம். பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. மலட்டு உப்புநீரில் மெல்ல அலசினால் சீழ் கரையும், மணி கரையாது. ஒரு மணியை இரண்டு ஸ்லைடுகளுக்கு நடுவே வைத்து நசுக்கி கிராம் சாயம் ஏற்றினால், நடுவில் பின்னிக்கிடக்கும் நீல இழைகள் தெரியும். மீதி மணிகளைக் கல்ச்சருக்கு அனுப்புங்கள். குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள். அதிலேயே அமிலம் தாங்கும் மைக்கோபாக்டீரியா இருக்கும், பிறகு காசநோய்ச் சாயத்தில் பொய்யாகச் சிவப்புக் குச்சிகள் தெரிந்து எல்லோரும் குழம்புவார்கள்.

பயாப்ஸிக்கு, இடம் அனுமதித்தால் வாய்க்கு வெளியே, பாதிக்காத தோல் வழியாக, சீழ்த்துளையிலிருந்து தள்ளி இறங்குவது மேல். வாய்க்குள்தான் போக வேண்டும் என்றால், 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் கொண்டு ஒரு நிமிடம் கொப்பளிக்கச் சொல்லி, பிறகு மலட்டு உப்புநீரால் அந்த இடத்தைக் கழுவித் துடையுங்கள். குளோர்ஹெக்சிடின் திசுவோடு போனால் கிருமியைக் கொல்லும். மரப்பு ஊசியை நரம்பைக் குறிவைத்துத் தள்ளிப் போடுங்கள். எடுக்கப்போகும் திசுவுக்குள் நேரடியாக ஏற்றாதீர்கள். லிக்னோகெயினுக்குக் கிருமியை அடக்கும் குணம் உண்டு.

சளிச்சவ்வை விலக்கியதும் கருவிகளை மாற்றுங்கள். மேல்திசுவைத் தொட்ட கத்தியும் க்யூரெட்டும் எலும்புக்குள் போகக்கூடாது. எலும்பை ராஞ்சரால் கிள்ளியோ, மெதுவாகச் சுழலும் ட்ரெஃபைனால் உருளையாகவோ எடுக்கலாம். அதிவேகக் கைக்கருவி வேண்டாம். அதன் சூடு எல்லைத் திசுவைக் கருக்கும், அதன் தண்ணீர் நாற்காலிக் குழாயிலிருந்து வரும். மைக்கோபாக்டீரியாவைத் தேடும் காயத்தில் அந்தத் தண்ணீரைப் பீய்ச்சுவதைவிட மோசமான வேலை இல்லை. சிரிஞ்சில் மலட்டு உப்புநீரைக் கொண்டு நனையுங்கள்.

எத்தனை துண்டு? குறைந்தது 3, முடிந்தால் 5, வெவ்வேறு இடங்களிலிருந்து, ஒவ்வொன்றும் அரை சென்டிமீட்டர் அளவில், ஒவ்வொன்றுக்கும் புதுக் கருவி. எலும்பு மட்டும் போதாது. எலும்பை ஒட்டிய சிவந்த சதையைத் தனியாக எடுங்கள். திசுநோய்ச் சோதனையிலும், கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆரிலும் அதுதான் அதிகம் கைகொடுக்கும். ஒவ்வொரு துண்டையும் மேசையிலேயே இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினுக்கு (அதில் கிருமி சாகும்), மறுபாதி கல்ச்சருக்கு. மொத்தத்தையும் ஃபார்மலினில் போட்டுவிட்டு, மறுநாள் 'கல்ச்சருக்கு அனுப்பியிருக்கலாமே' என்று வருந்துவது எல்லா மருத்துவமனையிலும் நடப்பது. அறுவை தொடங்குமுன்பே எல்லா டப்பாக்களிலும் பெயர் எழுதி வரிசையாக வைத்துவிட்டால் இந்தத் தவறு வராது.

டப்பாக்கள் இப்படி:

– 10 சதவீத ஃபார்மலின், திசுவின் அளவைப் போல 10 மடங்கு. எலும்பையும் மென்திசுவையும் தனித்தனியாக.
– காற்றில்லாக் கல்ச்சர்: காற்றில்லா ஊடகத்தில் திசு. சீழ் இருந்தால் சிரிஞ்சில் இழுத்து, காற்றை முழுக்க வெளியேற்றி, ஊசியைக் கழற்றி மூடி போட்டு அனுப்புங்கள். அரை மணிக்குள் லேபுக்குப் போவது நல்லது, 2 மணிக்கு மேல் தாமதம் கூடாது. ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்.
– காற்றுள்ள கல்ச்சர், நோகார்டியா, பூஞ்சை: மலட்டு டப்பாவில், காயாமல் இருக்கச் சில துளி மலட்டு உப்புநீர்.
– மைக்கோபாக்டீரியா: அதேபோல் தனி டப்பா. தாமதமானால் இதை மட்டும் ஃபிரிட்ஜில் வைக்கலாம்.
– ஒரு துண்டு மிச்சம்: உறைநிலையில் சேமிக்கச் சொல்லுங்கள். எல்லாம் பொய்த்த பிறகு, எந்தப் பாக்டீரியா என்று அதன் மரபணுவை வைத்துச் சொல்லும் 16எஸ் பிசிஆருக்கு இதுதான் ஆதாரம்.

உப்புநீரில் கிருமித்தடுப்பு ரசாயனம் கலந்திருக்கிறதா என்று புட்டியின் லேபிளைப் பாருங்கள். ஊசிமருந்து கலக்கும் சின்னப் புட்டிகள் சிலவற்றில் இருக்கும்.

கோரிக்கைச் சீட்டில் எழுத வேண்டியது

'கல்ச்சர் அண்ட் சென்சிடிவிட்டி' என்று மட்டும் எழுதிய சீட்டு, தெருப் பெயர் இல்லாத முகவரி மாதிரி. இப்படி எழுதுங்கள்: 'கீழ்த்தாடை எலும்பு, ஆழ்திசு, 3 மாத நோய், ஆண்டிபயாடிக் நிறுத்தி 14 நாள். ஆக்டினோமைசஸ் சந்தேகம், காற்றில்லாக் கல்ச்சரை 14 நாளாவது வைக்கவும். நோகார்டியாவுக்கு 3 வாரம். காசநோய்ச் சாயம், எக்ஸ்பெர்ட், மைக்கோபாக்டீரியக் கல்ச்சர்.' எக்ஸ்பெர்ட் என்பது காசநோய்க் கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் விரைவுச் சோதனை. புரூசெல்லா அல்லது பர்கோல்டேரியா சந்தேகம் இருந்தால் சீட்டில் எழுதுவது போதாது, போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். இரண்டும் லேப் ஊழியருக்கே தொற்றக்கூடியவை. பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்துத்தான் தட்டைத் திறக்க வேண்டும்.

திசுநோய்ப் பிரிவுக்கும் ஒரு வரி தேவை. எலும்பை வெட்டுவதற்காக வலுவான அமிலத்தில் ஊறவைத்தால், காசநோய்ச் சாயம் பிடிக்காமல் போகலாம், டிஎன்ஏவும் சிதையும். 'மென்திசுவை அமிலத்தில் போட வேண்டாம், எலும்புக்கு முடிந்தால் இடிடிஏ' என்று எழுதுங்கள். இடிடிஏ எலும்பின் கால்சியத்தை மென்மையாக நீக்கும், மெதுவாகத்தான் வேலை செய்யும். ரிப்போர்ட் தள்ளிப்போவதை நோயாளியிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

வந்த ரிப்போர்ட்டைப் படிப்பது

ஆக்டினோமைசஸ்: கிராம் சாயம் ஏற்கும், கிளைவிடும், காசநோய்ச் சாயம் ஏற்காத மெல்லிய இழைகள். அதே உருவத்தில் இருந்து, 1 சதவீத கந்தக அமிலத்தில் கழுவும் மாற்றுச் சாயத்தைத் தாங்கினால் நோகார்டியா. இந்த ஒரு சாயத்தைக் கேட்காமல் விட்டு இரண்டையும் குழப்பியதுண்டு. மருந்தே வேறு என்பதால் அந்தக் குழப்பத்துக்கு நோயாளி கொடுக்கும் விலை அதிகம். நோகார்டியா என்று வந்தால் நுரையீரலையும் மூளையையும் படமெடுத்துப் பாருங்கள். இழையின் தடிமனையும் கவனியுங்கள்: ஆக்டினோமைசஸ் 1 மைக்ரான் அல்லது குறைவு, பூஞ்சை இழை அதைவிடப் பல மடங்கு. மணிக்குள் இழைக்குப் பதில் உருண்டைக் கிருமிக் கொத்து இருந்தால் அது ஸ்டஃபைலோகாக்கஸ் உண்டாக்கும் பாட்ரியோமைக்கோசிஸ்.

ஆக்டினோமைசஸ் கல்ச்சரில் பாதி நேரம்கூட வராது. வந்தால், ஆக்டினோமைசஸ் இஸ்ரேலியின் முதிர்ந்த காலனி தட்டில் கடைவாய்ப்பல் போலக் குழிந்து மேடிட்டு இருக்கும். பல் மருத்துவர்களுக்கு மறக்காது. கல்ச்சர் வராவிட்டாலும், திசுவுக்குள் சீழணுக்கள் சூழ்ந்த மணி தெரிந்தால் போதும். ஆனால் எலும்பு மருந்தாலோ கதிர்வீச்சாலோ செத்த எலும்பின் மேற்பரப்பில் இந்தக் கிருமி ஒட்டியிருப்பது சகஜம். 'ஆக்டினோமைசஸ் காலனிகள் காணப்படுகின்றன' என்று மட்டும் ரிப்போர்ட் வந்தால், கிருமி செத்த எலும்பின் மேலா, உயிருள்ள திசுவுக்குள்ளா என்று நோயியல் மருத்துவரிடம் கேளுங்கள். ஆறு மாத பென்சிலின் கொடுப்பதா வேண்டாமா என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது. முன்பு மெட்ரோனிடசோல் மட்டும் கொடுத்துப் பலனில்லை என்றால் அதில் வியப்பில்லை. ஆக்டினோமைசஸை அது தொடாது.

காசநோய்: திசுவில் கிருமி மிகக் குறைவு. ஸ்லைடில் கண்ணுக்குத் தெரிய ஒரு மில்லிலிட்டரில் 5,000 முதல் 10,000 கிருமி வேண்டும், எலும்பில் அவ்வளவு இருக்காது. அதனால் சாயத்தில் தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று பொருளல்ல. எக்ஸ்பெர்ட் சில மணி நேரத்தில் பதில் தரும், ரிஃபாம்பிசின் எதிர்ப்பையும் சொல்லும். அதுவும் எதிர்மறையாக வரலாம். திரவக் கல்ச்சருக்கு 6 வாரம், லோவன்ஸ்டைன் ஜென்சன் ஊடகத்துக்கு 8 வாரம் காத்திருக்க வேண்டும். திசுவில் பாலாடைக்கட்டி போல் சிதைந்த கிரானுலோமாவும் (அழற்சி அணுக்கள் திரண்ட முடிச்சு) லாங்ஹான்ஸ் ராட்சத அணுக்களும் இருந்து, ஒட்டிக்கொண்ட கழுத்து நெறிகளும் இருந்தால், கல்ச்சர் வருமுன் காசநோய் மருத்துவரோடு பேசிச் சிகிச்சையைத் தொடங்கலாம். ஆக்டினோமைசஸில் நெறி கட்டுவது குறைவு என்பதும் ஒரு துப்பு.

கிரானுலோமா இருக்கிறது, எக்ஸ்பெர்ட் எதிர்மறை, ஆனால் சாயத்தில் சிவப்புக் குச்சிகள் உண்டு என்றால், காசநோய் அல்லாத வகையை நினையுங்கள். அவற்றில் மைக்கோபாக்டீரியம் அப்செஸஸும் மைக்கோபாக்டீரியம் கெலோனேயும் ஒரு வாரத்தில் வளரும். கெலோனே 30 டிகிரியில்தான் நன்றாக வளரும். 37 டிகிரியில் மட்டும் வைத்தால் தப்பும்.

சிஃபிலிஸ்: மேலண்ணத்தில் துளை, பூச்சி அரித்தது போன்ற எலும்பு. பிந்தைய நிலையில் ஆர்பிஆர், விடிஆர்எல் என்னும் வழக்கமான ரத்தச் சோதனைகள் எதிர்மறையாக வரலாம். டிபிஹெச்ஏ போன்ற கிருமிக்கே உரிய சோதனையைச் சேர்த்துக் கேளுங்கள்.

பர்கோல்டேரியாவில் தவறு வேறு விதமாக நடக்கும். கிருமி வளரும், ஆனால் 'சூடோமோனாஸ் வகை, கலப்படம்' என்று ரிப்போர்ட் வரும். ஆக்சிடேஸ் நேர்மறை, ஜென்டமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் எதிர்ப்பு, ஆனால் கோ-அமாக்ஸிகிளாவுக்குக் கட்டுப்படுகிறது என்ற சேர்க்கையைப் பார்த்தால் உடனே லேபைக் கூப்பிடுங்கள். ரத்தம், சிறுநீர், தொண்டை மாதிரிகளையும் அனுப்பி, இந்தக் கிருமிக்கென்றே உள்ள ஆஷ்டவுன் ஊடகத்தில் போடச் சொல்லுங்கள்.

புரூசெல்லாவுக்கு ரத்தக் கல்ச்சரும், ரத்தத்தில் எதிரணு அளவைக் காட்டும் திரட்டுச் சோதனையும் வேண்டும். அந்த அளவு 1:160 அல்லது அதற்கு மேல், நோய்க்குறிகளோடு சேர்ந்தால் பொருட்படுத்தத்தக்கது. பார்டோனெல்லாவுக்குக் கல்ச்சரில் நேரத்தைக் கழிக்காமல் எதிரணுச் சோதனையும் திசு பிசிஆரும் கேளுங்கள்.

16எஸ் பிசிஆர் கடைசி ஆயுதம் என்று நினைத்து வாய்வழி எடுத்த திசுவுக்குக் கேட்டால், வாயில் இருக்கும் பத்துப் பதினைந்து கிருமிகளின் பெயர்ப்பட்டியல்தான் வரும். தோல்வழி எடுத்து உறைய வைத்த துண்டில்தான் அதற்கு மதிப்பு. பொது விதி ஒன்று: ஒரே கிருமி இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தனித்தனித் துண்டுகளில் வந்தால் நம்புங்கள், ஒன்றில் மட்டும் வந்தால் திசுப் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மைக்கோபாக்டீரியாவும் புரூசெல்லாவும் பர்கோல்டேரியாவும் இந்த விதிக்கு விலக்கு. ஒரு துண்டில் வந்தாலும் அலட்சியப்படுத்தக் கூடாது.

எல்லாம் எதிர்மறை, திசுவில் வெறும் நாள்பட்ட அழற்சி மட்டும் என்றால் இரண்டு வழி. எடுத்த இடம் எல்லையா நடுவா என்று படத்தோடு ஒப்பிட்டு, நடுவாக இருந்தால் மறுபடி எடுங்கள். இடம் சரியாக இருந்தும் இரண்டாம் முறையும் ஒன்றும் வரவில்லை என்றால், கிருமியே இல்லாத எலும்பு அழற்சியைப் பற்றி மூட்டுவாத மருத்துவரோடு பேச வேண்டிய நேரம். மற்ற எலும்புகளில் வலி உண்டா, உள்ளங்கையில் கொப்புளம் உண்டா என்று கேளுங்கள்.

நோயாளி வீட்டுக்குப் போன பிறகு வரும் ரிப்போர்ட்டுகள்தான் இந்த நோய்களில் முக்கியமானவை. 14ஆம் நாள் காற்றில்லாக் கல்ச்சர், 21ஆம் நாள் நோகார்டியா, 42ஆம் நாளும் 56ஆம் நாளும் மைக்கோபாக்டீரியா. இந்த நான்கு தேதிகளையும் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி, லேபைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியவர் யார் என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.